காரணமா, அபாயமா?

மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விந்தணு மிகக் குறைவாக இருக்கும், அல்லது அறவே இல்லாத ஆண்களின் ரத்தம் எங்களிடம் வரும். முதலில் குரோமோசோம்களை எண்ணிப் பார்ப்போம். அப்புறம் டிஎன்ஏ துண்டுகளைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையில், ஒய் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஏதாவது துண்டு விடுபட்டிருக்கிறதா என்று தேடுவோம். ரிசல்ட்டைத் தம்பதிக்கு விளக்குவதும் என் பொறுப்புதான்.

சில ரிப்போர்ட்டுகளில் காரணம் தெளிவாகத் தெரிந்துவிடும். கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோம் இருந்தால் அது க்ளைன்ஃபெல்டர் நிலை. சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு அது உண்டு. குழந்தைக்காக டாக்டரிடம் போகும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை. ஒய் குரோமோசோம் விஷயம் இன்னும் நுணுக்கமானது. விந்தணு இல்லாத சில ஆண்களுக்கு அதன் நீண்ட கரத்தில் ஒரு பகுதி இல்லை என்று டியெபோலோ, சுஃபார்டி என்ற இரு ஆய்வாளர்கள் 1976இல் எழுதினார்கள். அந்தப் பகுதியைத்தான் இன்று ஏஇசட்எஃப் என்கிறோம். அதில் ஏ, பி, சி என்று பிரிவுகள். ஏ அல்லது பி முழுதாகப் போயிருந்தால், விரையைத் திறந்து தேடினாலும் விந்தணு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சி மட்டும் போயிருந்தால் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கிடைக்கும். பலனில்லாத ஓர் அறுவை சிகிச்சையை ஒரு ரத்தப் பரிசோதனை தடுத்துவிடுகிறது. எங்கள் கூடம் செய்யும் வேலைகளில் இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

“எனக்குப் பையன் பிறந்தா அவனுக்கும் இது வருமா மேடம்?” என்று சி பிரிவு இல்லாத ஒருவர் கேட்டார். வரும். அப்பாவின் ஒய்தான் மகனுக்குப் போகிறது. ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி சிகிச்சைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். மறைத்து நம்பிக்கை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எம்டிஎச்எஃப்ஆர் மரபணுவின் 677ஆவது இடத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்ற தாளோடு சிலர் வருகிறார்கள். ஃபோலேட் என்ற வைட்டமினைக் கையாளும் நொதி அதனால் மந்தமாகும். மலட்டுத்தன்மைக்கான அபாயம் கொஞ்சம் கூடுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் அதே மாற்றம் உள்ள எத்தனையோ பேர் இயல்பாகவே அப்பாக்கள் ஆகியிருக்கிறார்கள். சி பிரிவுக்குள் நிகழும் ‘ஜிஆர்/ஜிஆர்’ என்ற சிறு இழப்பும் இப்படித்தான். சில மக்கள் குழுக்களில் அது விந்தணுக் குறைவோடு சேர்ந்தே காணப்படுகிறது. ஜப்பானிலோ ஒரு ஒய் பரம்பரை முழுவதும் அந்த இழப்போடுதான் தலைமுறை தலைமுறையாகத் தழைத்து வருகிறது.

சரி, அபாயம் கூடுகிறது என்று சொன்னால் கேட்பவர் காதில் “இதுதான் காரணம்” என்று விழுகிறது. அந்த நிம்மதியில் மற்ற தேடலை நிறுத்திவிடுகிறார்கள். விரைப்பையின் வீங்கிய ரத்தக்குழாய், ஹார்மோன் குறைபாடு போன்ற, சரிசெய்ய வாய்ப்புள்ள காரணங்கள் பார்க்கப்படாமல் போகின்றன. அதனால் இத்தகைய மாற்றங்களை ரிப்போர்ட்டின் முடிவுரையில் நான் எழுதுவதில்லை. “சிகிச்சையைத் தீர்மானிக்க இது உதவாது” என்ற குறிப்போடு கீழே தனியாக வைக்கிறேன்.

எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாதவர்கள் நிறையப் பேர். எக்ஸ் குரோமோசோமில் உள்ள டெக்ஸ்11 என்ற மரபணு பழுதானால் விந்தணு உருவாவது பாதியில் நிற்கும் என்பது 2015இல்தான் மனிதர்களிடம் உறுதியானது. பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. சம்மதித்தவர்களின் டிஎன்ஏவை எடுத்துவைத்து, புது மரபணு உறுதியானதும் மறுபடி பார்க்கிறோம். ஃபோன் நம்பர் மாறினால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு தம்பதியிடமும் கேட்டுக்கொள்கிறேன்.