இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரி தூக்கினேன், ஆர்க்கிட் கேட்டது பகல் குளிர்

ஊதா பெலனாப்ஸிஸ் (ஆர்க்கிட்டில் ஒரு வகை) ஸ்பைக், அதாவது பூத்தண்டு, விட்டுவிட்டது. இன்று காலை அளந்தேன், 31 செ.மீ. நுனியில் ஐந்து மொட்டு, முதல் மொட்டு பச்சைப்பயறு அளவைத் தாண்டி இப்போது பட்டாணி ஆகிக்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷமாக இலை, வேர், இலை, வேர் என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்த செடி இது. மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்குள் இது பூக்காது என்று எனக்கு நானே ஏறக்குறைய சொல்லி முடித்திருந்தேன்.

வாங்கும்போது இரண்டு செடி, ஒன்று வெள்ளை, ஒன்று ஊதா. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை, கிட்டத்தட்ட ஒரே வயசு. வெள்ளை இன்னும் எங்கள் பெட்ரூமில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. ஏன் ஊதா மட்டும் என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன், ஏனென்றால் நான் இத்தனை நாள் செய்தது அப்படியே தலைகீழ் என்று இப்போதுதான் புரிந்தது.

ஆர்க்கிட் வளர்க்கிற எல்லோரும் சொல்கிற மந்திரம் ஒன்று உண்டு: ராத்திரி குளிர வேண்டும், பகலுக்கும் இரவுக்கும் அஞ்சாறு டிகிரி வித்தியாசம் வேண்டும், அப்போதுதான் ஸ்பைக் வரும். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பகல் முழுக்கக் கிழக்கு பால்கனியில் நிழல் வலைக்குக் கீழே, ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு தொட்டியையும் தூக்கிக்கொண்டு ஏசி போட்ட பெட்ரூமுக்கு. காலையில் திரும்பப் பால்கனிக்கு. அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை, இரண்டு சீசன், ஊருக்குப் போன நாட்கள் தவிர ஒரு நாள் விடவில்லை. "தொட்டில் குழந்தையக் கூட யாரும் இப்படித் தூக்கிட்டு அலைய மாட்டாங்க" என்று மனைவி சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிடுவாள். அம்மா அதுவும் இல்லை, நேராகவே கேட்டுவிட்டார்: "பூக்காத செடிக்கு ஏசியாடா? எனக்கு ஃபேனே போதும்னு நான் கிடக்கேன்."

பலன் பூஜ்யம். ஆளுக்கு மூன்று புது இலை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் மே மாதம் கத்திரி வெயிலில் பால்கனி வெப்பமானி மதியம் 39 காட்டியது. ஊதாச் செடியின் மேல் இலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெந்த தழும்பு விழுந்துவிட்டது. பயந்துபோய் அதை மட்டும் மகள் அறையில் ஜன்னலோரம் மெல்லிய திரைக்குப் பின்னால் வைத்தேன். வெள்ளையையும் வைக்க இடம் கேட்டேன், "ஒண்ணுதான்ப்பா" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அப்போது வீட்டிலிருந்தே வேலை. மேற்குப் பார்த்த அறை, ஏசி இல்லாமல் உட்கார முடியாது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை 24-ல் ஓடும். ராத்திரி கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு அணைத்துவிட்டு ஃபேனோடு தூங்குவாள். அதாவது செடிக்குப் பகலில் குளிர், ராத்திரி 28, 29. நான் இரண்டு வருஷம் கொடுத்ததற்கு நேர் எதிர். பூவை நினைத்து நான் அங்கே வைக்கவே இல்லை, செடி பிழைத்தால் போதும் என்றுதான் வைத்தேன்.

ஆகஸ்ட் 11-ம் தேதி தண்ணீர் ஊற்றப் போனபோது மேலிருந்து மூன்றாவது இலையின் அடியில் ஏதோ பச்சையாக முட்டிக்கொண்டு நின்றது. வேர் என்றுதான் நினைத்தேன், ஏமாந்தது போதும் என்று. வேர் நுனி வேகவைத்த கடலை மாதிரி மொழுமொழுவென்று உருண்டையாக இருக்கும், ஸ்பைக் நுனி கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் கிளி மூக்கு மாதிரி மடிந்திருக்கும், மேல்நோக்கி ஏறும் என்று தெரியும். ஆனால் அரை சென்டிமீட்டர் இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. நான்கு நாள் தினமும் டார்ச்சும் கையுமாக அவள் அறைக்குள் போய் நின்றேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், கேமரா ஆன்ல இருக்கு." ஐந்தாவது நாள் மூக்கு தெரிந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டு பெலனாப்ஸிஸ் கலப்பினங்களை வைத்து ஆராய்ச்சி செய்து 2006-ல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். பகல் 29 டிகிரி, ராத்திரி 17 டிகிரி. யோசித்துப் பாருங்கள், 12 டிகிரி வித்தியாசம், நம் மந்திரப்படி பார்த்தால் பூத்துக் குலுங்க வேண்டும். 20 வாரம் ஆகியும் ஒரு செடி கூட ஸ்பைக் விடவில்லை. ஆனால் இரவும் பகலும் ஒரே மாதிரி 23 டிகிரியில், வித்தியாசமே இல்லாமல் வைத்திருந்த செடிகளில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் ஸ்பைக் விட்டன. ஆக, ராத்திரி எவ்வளவு குளிரவைத்தாலும் பகல் சூடாக இருந்தால் அந்தச் சூடே பூவைத் தடுத்துவிடுகிறது. தைவானில் பண்ணைக்காரர்கள் ஸ்பைக் வரவைக்கச் செடிகளை மலை மேலே கொண்டுபோய் வைப்பார்கள் என்று முன்பே படித்திருக்கிறேன். அதை ராத்திரிக் குளிருக்கு என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். மலையில் பகலும்தானே குளிரும்! இதை யோசிக்க எனக்கு இரண்டு வருஷமும் ஒரு முதுகுப்பிடிப்பும் ஆகியிருக்கிறது.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். தினமும் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கிற சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வைத்திருக்கிறேன். என் பொருட்களிலேயே உருப்படியானது அதுதான், ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் உரத்தை விட்டுவிட்டு முதலில் அதை வாங்குங்கள். டிசம்பர், ஜனவரியில் கூட என் பால்கனி பகலில் 29, 30-க்குக் கீழே இறங்கியதே இல்லை, மழை மூட்டமான சில நாட்கள் தவிர. குறைந்தபட்சம் என்ற பக்கத்தில் 23, 24 என்று பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதிகபட்சத்தையும் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன், ஆனால் ஒரு நாள் கூட அதைப் படிக்கவில்லை.

சரி, இது முழு நிரூபணம் இல்லை என்பதும் தெரியும். வெள்ளையும் ஊதாவும் வேறு வேறு கலப்பினங்கள், ஊதா இயல்பிலேயே சுலபமாகப் பூக்கிற ரகமாக இருக்கலாம். மேற்கு ஜன்னலின் வெளிச்சமும் கூடுதல்தான். செடிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அது அடுத்த திட்டம், கீழே சொல்கிறேன்.

பகல் ஏசிக்குள் வைத்ததில் தொல்லைகளும் உண்டு. ஈரப்பதம் 70-லிருந்து 45-க்கு இறங்கிவிடுகிறது. ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிற இடத்தில் முதல் வாரம் வைத்துவிட்டேன், தொட்டிக்கு வெளியே தொங்கிய வேர் நுனிகள் பழுப்பாகிச் சுருங்கின. இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம், புத்தக அலமாரியின் மறைவில். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதெல்லாம் வைத்துப் பார்த்தேன், மீட்டரில் இரண்டு சதவீதம் கூட ஏறவில்லை. அதைவிட, கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் தொட்டியை வாய் அகலமான மண்சட்டிக்குள் இறக்கி வைத்ததில் வேர் காய்வது நின்றது. தண்ணீர் நாள் கணக்கில் ஊற்றுவதில்லை. உள்ளே வேர் வெள்ளி நிறத்துக்கு வந்ததும் ஊற்றுகிறேன், பச்சையாக இருந்தால் தொடுவதில்லை. ஏசி அறையில் அது சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் போர் தண்ணீர், கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில் 1,100 காட்டும். அதை ஊற்றி முதல் வருஷம் வேர் மேலே வெள்ளைப் பொடி படிந்து நுனியெல்லாம் கருகியது. இப்போது மழைத் தண்ணீர், இல்லாதபோது ஏசி குழாயிலிருந்து வாளியில் பிடிக்கிற தண்ணீர். மகள் அறையின் ஏசியே ஒரு பகலில் அஞ்சு லிட்டர் கொடுக்கிறது, மீட்டரில் 20 தாண்டுவதில்லை. செப்புக் குழாயில் பட்டு வருகிற தண்ணீர், ஊற்றாதே என்று சில பேர் பயமுறுத்துவார்கள். ஒரு வருஷமாக ஊற்றுகிறேன், என் செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்று மட்டும், அந்தத் தண்ணீரில் உப்பு எதுவுமே இல்லாததால் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்) மட்டும் போட்டால் கால்சியம் போகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்சியம் நைட்ரேட் லிட்டருக்குக் கால் கிராம் தனியாக. அதை 19:19:19-ஓடு கெட்டியாக ஒரே பாட்டிலில் கரைத்தால் திரிந்துபோய் அடியில் தங்கிவிடும். ஒருமுறை அப்படிச் செய்து பார்த்துவிட்டு, மோர் மாதிரி இருந்ததை செம்பருத்திக்கு ஊற்றினேன்.

இந்த இரண்டையும் விற்றவரைப் பற்றியும் புலம்பிவிடுகிறேன், பெயர் வேண்டாம். ஆன்லைனில் ஒன்று 750 ரூபாய், பூவோடு வந்தது, அழகாகவே வந்தது. ஆனால் மேலே பட்டைத் துண்டுகளைத் தூவிவிட்டு, உள்ளே வேர்களுக்கு நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஸ்ஃபாக்னம் பாசி உருண்டை. நாற்றுப் பருவத்தில் வைத்தது, யாரும் எடுப்பதில்லை. மேலே காய்ந்து கிடக்கும், நடுவில் பத்து நாளானாலும் சொதசொதவென்று இருக்கும். வெள்ளைச் செடியின் வேரில் பாதி அந்த உருண்டைக்குள்தான் அழுகிப் போனது. புதிதாக வாங்குகிறவர்கள் பூ முடிந்ததும் முதல் வேலையாக அதைத் தோண்டி எடுத்துவிடுங்கள், சாப்ஸ்டிக்கோ தோசைத் திருப்பியின் காம்போ எதுவாக இருந்தாலும் சரி. நான் இப்போது பைன் பட்டையே வாங்குவதில்லை. வாங்கியதில் பாதி தூளாகத்தான் வந்தது. தேங்காய் மட்டையை விரல் கணு அளவுக்கு நறுக்கி மூன்று நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, அடுப்புக்கரியோடு சரிபாதி கலந்து போடுகிறேன். செலவே இல்லை.

இப்போது என் கவலையெல்லாம் மொட்டு. வாங்கிய புதிதில், அது ஜனவரி, பொங்கலுக்கு வந்த பூவன் தாரை ஹாலில் இந்தச் செடிகளுக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தோம். தார் பழுக்கப் பழுக்க இங்கே மொட்டு மஞ்சளாகி ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது, நான்கு மொட்டு. பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும் என்பது அப்போது தெரியாது, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன். இந்த முறை ரஸ்தாளி சீப்பு எல்லாம் சமையலறைக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி மட்டும் அம்மாவோடு பேச்சுவார்த்தையில் இருக்கிறது. புகையிலும் அதே வாயு உண்டு என்று சொன்னேன். "சாமிக்குப் போடறதுல உன் செடி செத்துடுமா?" என்றார். கடைசியில், மகள் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போடுவது என்று முடிவானது.

தொட்டியைத் திருப்பாமல் இருக்க சட்டியின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, ஜன்னல் பக்கம் என்று எழுதியிருக்கிறேன். திருப்பினால் தண்டு வெளிச்சத்தைத் தேடிப் பாம்பு மாதிரி நெளியும். மூங்கில் குச்சியில் மகளின் சின்ன பட்டாம்பூச்சி கிளிப் இரண்டைப் போட்டுத் தண்டைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அதற்கென்று விற்கிற கிளிப்புக்கு டஜன் 90 ரூபாய் கேட்கிறார்கள், வேண்டாம்.

அடுத்து வெள்ளை. ஊதா பூத்ததும் அதை ஹாலுக்கு மாற்றிவிட்டு வெள்ளையை மகள் அறை ஜன்னலில் வைத்து, பகல் 24, அதே தண்ணீர், அதே உரம், எத்தனை வாரம் என்று நோட்டில் எழுதிப் பார்ப்பதாகத்தான் திட்டம். நடுவில் ஏற்காட்டுக்குப் போய் அங்கே தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தை ஒருமுறை பார்க்கவும் ஆசை, அந்த மலையில் பகல் எவ்வளவு இருக்கிறது என்று என் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு.

ஆனால் திட்டத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. மகள் கம்பெனியில் வாரம் ஐந்து நாளும் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மொட்டு வைத்துவிட்ட ஊதாவுக்கு இனிமேல் பகல் கொஞ்சம் சூடானாலும் பரவாயில்லை. வெள்ளைக்குத்தான் ஆளில்லாத அறையில் ஒன்பது மணி நேரம் ஏசி ஓட வேண்டும். போன கரண்ட் பில்லிலேயே 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறிவிட்டது, அந்த ரசீது இன்னும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மூட்டம் போட்டால் ஹாலிலேயே 26 வரும், அதை நம்பலாம் என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன், ஏசி இல்லாமலே சமாளிப்பேன் என்கிற மாதிரி. நேற்று திங்கட்கிழமை மகள் ஆபீஸ் கிளம்பிப் போனாள். அவள் லிஃப்டில் இறங்குவதற்குள் ஏசி ரிமோட் பீரோவுக்குள் போய்விட்டது, சாவி மனைவி இடுப்பில்.