கோடவுன் லேப்டாப்பும் ஆக்சஸ் ஃபைலும்

கடலூர் முதுநகரில் தெரிந்த மொத்த மளிகைக் கடை ஒன்றில் ஆக்சஸ் ஃபைல் (மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ஃபைல்) அடிக்கடி கெட்டுப்போகிறது. "வைரஸ்தானே சார்?" என்கிறார் கணக்குப் பிள்ளை. வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. சர்வரில் உள்ள ஒரே ஃபைலை எல்லாரும் நேராகத் திறக்கிறார்கள். அதிலும் கோடவுன் லேப்டாப் வைஃபையில் ஓடுகிறது. பில் போடும் நேரத்தில் சிக்னல் அறுந்தால், எழுதியது பாதியிலேயே நின்று ஃபைல் குழம்பிவிடும். ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் இதே கதைதான்.

கெட்டுப்போனால் முதலில் எல்லாரும் வெளியே வர வேண்டும். ஃபைல் திறந்திருக்கும்போது பக்கத்தில் தோன்றும் பூட்டு ஃபைல் மறையவில்லை என்றால் பெரும்பாலும் யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார் (சாப்பிடப் போனவராக இருக்கும்). அப்புறம் ஒரு நகல். அதற்குப் பிறகுதான் ஃபைலைச் சரிசெய்ய ஆக்சஸிலேயே இருக்கும் 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்'. நகல் எடுக்காமல் அதை அமுக்காதீர்கள், சில பதிவுகள் காணாமலே போகலாம்.

நிரந்தர வழி, ஃபைலை இரண்டாகப் பிரிப்பது. தகவல் இருக்கும் டேபிள்கள் மட்டும் சர்வரில். ஃபார்ம், ரிப்போர்ட் எல்லாம் அவரவர் கணினியில் தனித்தனி நகலாக. 255 பேர் வரை ஒரே நேரத்தில் திறக்கலாம் என்பது கணக்கு. இருபது பேரைத் தாண்டினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஃபைல் 2 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

முதலாளி பிரிக்கச் சம்மதித்துவிட்டார். கோடவுனுக்குக் கேபிள் இழுக்கத்தான் இன்னும் பேரம் நடக்கிறது.