எக்ஸாமுக்குப் பேர் குடுத்தியா?

டிசம்பர் முதல் வாரம். ஜெர்மனியில், நான் தங்கியிருந்த விடுதிச் சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த தஞ்சாவூர் அக்கா போகிறபோக்கில் கேட்டார்: "எக்ஸாமுக்குப் பேர் குடுத்துட்டியாடி?"

"கோர்ஸுக்கெல்லாம் அக்டோபர்லயே ரெஜிஸ்டர் பண்ணிட்டேனே அக்கா."

"அது வேற, இது வேற." அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். நான் எடுத்திருந்த ஐந்து பாடங்களில் நான்கின் தேர்வுக்குப் பதிவு செய்ய இன்னும் மூன்று நாள் இருந்தது. ஐந்தாவது, வேறொரு துறை நடத்தும் பாடம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையே பதிவு முடிந்துவிட்டது.

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்கள் வீசா, பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து மாதாமாதம் எடுக்கும் கணக்கு), வாடகை அறை என்று எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டு வருகிறோம். படிப்பு தானாக நடக்கும் என்று நம்பிவிடுகிறோம். நான் படித்தது விருதுநகர் பக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில். எட்டு செமஸ்டருக்கும் என்னென்ன பாடம் என்று ரெகுலேஷனிலேயே இருக்கும். எலெக்டிவ்கூட வகுப்பே கூடி முடிவு செய்ததுதான். எக்ஸாம் ஃபீஸ் கட்டாதவன் பேரை எச்.ஓ.டி. வகுப்பிலேயே வந்து வாசிப்பார். ஹால் டிக்கெட் கைக்கு வந்துவிடும்.

இங்கே அப்படிக் கூப்பிட்டுச் சொல்ல யாரும் இல்லை. பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும், செமஸ்டருக்கு 30 வீதம் நான்கு செமஸ்டர். அதில் கட்டாயப் பாடம் எவ்வளவு, விருப்பப் பாடம் எந்தெந்தப் பிரிவிலிருந்து எவ்வளவு, தீசிஸ் தொடங்க எத்தனை கிரெடிட் முடித்திருக்க வேண்டும் என்பதெல்லாம் 'பிரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்' என்ற தேர்வு விதிநூலில் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தின் விவரமும் 'மோடூல்ஹாண்ட்புக்' என்ற பாடக் கையேட்டில். இரண்டையும் நான் டவுன்லோட் செய்து வைத்திருந்தேன், படிக்கவில்லை. விதிநூல் ஜெர்மனில் இருந்ததும் ஒரு காரணம்.

படித்திருந்தால் கிரெடிட் என்றால் என்ன என்றாவது புரிந்திருக்கும். எங்கள் துறையில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேர உழைப்பு. 6 கிரெடிட் பாடம் என்றால் 180 மணி. வாரம் 4 மணி வீதம் 15 வாரம் வகுப்பில் உட்கார்ந்தாலும் 60 மணிதான் ஆகிறது. மீதி 120 மணி நேரம் நாமாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. பகுதிநேர வேலை தேடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அரியர் என்ற சொல்லையும் ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் துறையில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் பட்டப்படிப்பை விட்டே வெளியேற வேண்டும். வாய்ப்பு எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும், உங்கள் விதிநூலில் பாருங்கள்.

மறுநாள் காலை தேர்வு அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேதி முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார். அந்தப் பாடமும் தேர்வும் குளிர்கால செமஸ்டரில் மட்டும்தான் என்பதால் அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்து. அதில் தேறினால்தான் புராஜெக்ட், புராஜெக்ட் முடிந்தால்தான் தீசிஸ். என் படிப்பு ஐந்தாவது செமஸ்டருக்கு நீண்டது இப்படித்தான். வீசா நீட்டிப்புக்கு, செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ. அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "சரிம்மா, பாத்துக்கலாம்" என்றார். அம்மாவின் வளையல் பேங்குக்குப் போனது பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரியே அக்கா ஒரு பேப்பரில் செமஸ்டருக்கு ஒன்றாக நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தார். நிரப்புவது கடைசிக் கட்டத்திலிருந்து: தீசிஸ், 30 கிரெடிட். அதற்கு எது முடிந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் எது என்று பின்னோக்கி வர வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் நடக்கும் பாடங்களுக்கு நீலம், கோடைகாலத்துப் பாடங்களுக்குச் சிவப்பு. நீலத்தில் கட்டாயமானவை முதல் கட்டத்துக்கு. ஒவ்வொரு பாடத்துக்குக் கீழேயும் தேர்வுப் பதிவின் கடைசித் தேதி. பதிவு செய்ததும் வரும் உறுதிப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமிக்கவும் சொன்னார்.

அந்தப் பேப்பர் இன்னும் என் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. போன ஏப்ரலில் திருச்சியிலிருந்து ஒரு தம்பி கோடைகால செமஸ்டருக்கு வந்து சேர்ந்தான். அதை அப்படியே பார்த்து எழுதப் போனவனை நிறுத்தினேன். ஏப்ரலில் தொடங்குகிறவனுக்கு முதல் கட்டம் சிவப்பு, நீலம் இரண்டாவதில்தான் வரும். துறை போட்டுக் கொடுத்த மாதிரித் திட்டமோ அக்டோபரில் சேர்பவர்களுக்கானது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து முழுவதையும் மாற்றிப் போட்டோம். இடம் குறைவான ஒரு லேப் இருந்தது, அதற்கு அன்றைக்கே பேர் கொடுக்க வைத்துவிட்டுத்தான் சாப்பிட விட்டேன்.