எச்.ஐ.வி-ய சொல்லிடறாங்க, புண்ண சொல்ல மாட்டேங்கிறாங்க

பினாங்குல எச்.ஐ.வி-யோட வாழுற நம்ம ஆளுங்களுக்கு துணையா ஆஸ்பத்திரிக்கு போய் வர்ற வேலைய ரொம்ப வருஷமா செய்யிறேன். மாத்திரைய நேரம் தவறாம போடுறாங்க, ரத்த டெஸ்ட்டு தேதிய மறக்குறதில்ல, வைரல் லோடு, அதாவது ரத்தத்துல வைரஸ் அளவு, எவ்ளோன்னு டாக்டர்கிட்டயே கேட்டு வச்சிக்கிறாங்க. ஆனா கீழ, பிறப்புறுப்பு பக்கம், கொப்புளம் வந்து வந்து போகுது, ஒன்னுக்கு போனா எரிச்சல் தாங்கலன்னு மட்டும் அதே டாக்டர்கிட்ட வாய தொறக்க மாட்டாங்க. பெரும்பாலும் அது ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ் பண்ற வேலை.

தீவுக்கு எதிர்க்கரையில இருக்குற பிறையில ஃபேக்டரி வேலை பாக்குற ஒரு அண்ணன், ரொம்ப நாள் பழகினவரு, ஒருநாள் தே தாரிக் குடிச்சிட்டு இருக்கும்போது மெதுவா சொன்னாரு. பல மாசமா வருதாம். கம்பெனி செலவ ஏத்துக்குற பேனல் கிளினிக்குக்கு போனா கம்பெனிக்கு தெரிஞ்சிடும்னு பயம், அதனால ஃபார்மசில அரிப்புக்கு தர்ற கிரீம் வாங்கி தடவியிருக்காரு, அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு, ஹெர்பிஸ் புண்ணுக்கு ஸ்டீராய்டு தடவுனா இன்னும் பரவத்தான் செய்யும். ஏண்ணே ஜி.எச்.ல, நம்ம கவர்மெண்ட் பெரியாஸ்பத்திரில, உங்க டாக்டர்கிட்டயே சொல்லலன்னு கேட்டேன். "எச்.ஐ.வி பழைய கதை தம்பி, எப்பவோ பண்ணதுக்கு வந்துச்சுன்னு வீட்டுலயும் ஏத்துக்கிட்டாங்க. இப்ப புதுசா அந்த இடத்துல புண்ணுன்னா இவன் இன்னும் திருந்தலன்னு தான நினைப்பாங்க"ன்னாரு.

இந்த நினைப்பு தான் எத்தனையோ பேர் வாய கட்டி வச்சிருக்கு, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

ஹெர்பிஸ் வைரஸ் ஒருதடவ உடம்புல நுழைஞ்சிட்டா வெளிய போகாது. கீழ வர்ற வகை இடுப்புக்கு கீழ, முதுகுத்தண்டு பக்கத்துல இருக்குற நரம்பு முடிச்சுல போய் படுத்துக்கும், வருஷக்கணக்கா சத்தமே இல்லாம கிடக்கும். எதிர்ப்பு சக்தி குறையும்போது, காய்ச்சல்ல, தூக்கமில்லாத ராத்திரி ஷிஃப்ட்ல, அதே நரம்பு வழியா இறங்கி தோலுக்கு வரும். அதனால இன்னைக்கு புண்ணு வந்துச்சுன்னா நேத்து யார்கூடயோ போனான்னு அர்த்தமே இல்ல, இருபது வயசுல ஒட்டுனது நாப்பதுல எழுந்திரிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-க்கு போட்ட கணக்குல 15-லருந்து 49 வயசுக்குள்ள ஏறக்குறைய 520 மில்லியன் பேருக்கு இரண்டாம் வகை ஹெர்பிஸ் இருக்கு, அந்த வயசுக்காரங்கள்ல 13 விழுக்காடு. உதட்டுல வர்ற முதல் வகை, அது கீழயும் வரும், 50 வயசுக்கு கீழ இருக்குறவங்கள்ல 64 விழுக்காடு பேருக்கு இருக்கு. பாதிக்கு மேல! இதுல பெரும்பாலானவங்களுக்கு தனக்கு இருக்குன்னே தெரியாது. அப்படி இருக்கும்போது யாரு யார பாத்து திருந்தலன்னு சொல்றது?

எச்.ஐ.வி இருக்குறவங்களுக்கு இது ஏன் கூடுதல் தொல்லைன்னா, எதிர்ப்பு சக்தி தர்ற சிடி4 அணுக்கள் கீழ இறங்கிட்டா இந்த வைரஸ அடக்கி வைக்க ஆள் இல்ல. மத்தவங்களுக்கு பத்து நாள்ல காயுற கொப்புளம் இவங்களுக்கு பெருசா, ஆழமா, ஆசனவாய் வரைக்கும் பரவி வாரக்கணக்கா ஆறாம நிக்கும். ஒரு மாசத்துக்கு மேல ஆறாத ஹெர்பிஸ் புண்ண எய்ட்ஸ் கட்டத்தோட அடையாளங்கள்ல ஒன்னா டாக்டருங்க வச்சிருக்காங்க. தனக்கு எச்.ஐ.வி இருக்குன்னே தெரியாம, ஆறாத புண்ணுக்காக போய் அங்க தெரிஞ்சிக்கிட்டவங்களயும் பாத்திருக்கேன். நாட்டுல முதல் எச்.ஐ.வி கேஸ் 1986-ல, 2006-ல இருந்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரில முதல்கட்ட மருந்து இலவசம், இத்தன வருஷத்துக்கு அப்புறமும் நம்ம ஆளுங்க இப்படி கடைசி நேரத்துல வர்றத பாக்கும்போது வயிறு எரியுது.

இன்னொன்னு யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. ஏ.ஆர்.வி, அதாவது எச்.ஐ.வி-ய அடக்குற மாத்திரை, ஆரம்பிச்ச முதல் சில மாசத்துல ஹெர்பிஸ் சிலருக்கு இன்னும் அதிகமா கிளம்பும். படுத்துக்கிடந்த எதிர்ப்பு சக்தி எழுந்து சண்டை போட ஆரம்பிக்கிறதால வர்றது அது. நம்மாளு என்ன நினைப்பாரு, இந்த மாத்திரை ஒத்துக்கல, சூடு பண்ணுதுன்னு நிறுத்திடுவாரு. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட போங்க, இந்த கட்டத்துக்குன்னே ஹெர்பிஸ் மாத்திரையும் சேர்த்து குடுப்பாங்க.

மருந்து இருக்குங்க. அசைக்ளோவிர், 1982-லயே அமெரிக்காவுல அனுமதி வாங்குனது, அது பொறந்த ஆராய்ச்சிக்கூடத்த நடத்துன கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-ல நோபல் பரிசு கிடைச்சது. பழைய மருந்து, விலையும் கம்மி. தடவுற கிரீம் இதுக்கு பெருசா உதவாது, மாத்திரையா தான் சாப்பிடணும். கொப்புளம் வர்றதுக்கு முன்னாடி சுருக்கு சுருக்குன்னு குத்துமே, அப்பவே ஆரம்பிச்சா நல்லா கேக்கும். அடிக்கடி வர்றவங்களுக்கு தினமும் போடுற மாதிரியும் குடுப்பாங்க. தண்ணி நிறைய குடிக்கணும், கிட்னி பிரச்சினை இருந்தா, டெனோஃபோவிர் சேர்ந்த ஏ.ஆர்.வி போட்டா, ரெண்டையும் டாக்டர்கிட்ட சொல்லணும். பத்து நாள் ஒழுங்கா போட்டும் புண்ணு அசையலன்னா சும்மா விடாதீங்க, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு இந்த மருந்துக்கு அடங்காத வைரஸ் வர்றதுண்டு, அதுக்கு ஃபோஸ்கார்னெட்னு ஊசி மருந்து தனியா இருக்கு. அதோட கீழ வர்ற எல்லா புண்ணும் ஹெர்பிஸ் கிடையாது, வலிக்காத புண்ணு சிஃபிலிஸ்ங்கிற வேற பால்வினை நோயா இருக்கலாம், அதுக்கு வேற மருந்து, அதனால கூகிள் பாத்து நீங்களே முடிவு பண்ணாதீங்க.

கல்யாணம் ஆனவங்க எல்லாரும் கேக்குற கேள்வி, புண்ணு இருக்கும்போது வீட்டுக்காரிக்கு எச்.ஐ.வி போயிடுமான்னு. ஏ.ஆர்.வி போடாதவங்களுக்கு அந்த புண்ணுல எச்.ஐ.வி-யும் சேர்ந்து கசியும், உண்மை. ஹெர்பிஸ் மாத்திரைய மட்டும் குடுத்தா தடுக்கலாமான்னு ஆப்பிரிக்காவுல 3,000-க்கு மேல ஜோடிங்கள வச்சு பாத்தாங்க, 2010-ல முடிவு வந்துச்சு, புண்ணு நிறைய குறைஞ்சது ஆனா எச்.ஐ.வி பரவுறது குறையல. அத நிறுத்துறது ஏ.ஆர்.வி தான். ஐரோப்பாவுல பார்ட்னர்னு ஒரு ஆய்வு, 2016-லயும் 2019-லயும் வெளிவந்துச்சு, வைரல் லோடு அடங்குன ஒருத்தர்கிட்ட இருந்தும் துணைக்கு எச்.ஐ.வி போகல, சிலருக்கு வேற பால்வினை நோய் இருந்தும் போகல. இத நான் எத்தன தடவ வேணும்னாலும் சொல்வேன்.

ஆனா ஹெர்பிஸ் தனியா போகும், ஏ.ஆர்.வி அத தடுக்காது. புண்ணு இருக்கும்போதும் அந்த சுருக்கு சுருக்கு ஆரம்பிச்சதும் சேராதீங்க, மத்த நாள்ல காண்டம், அதுகூட முழுசா மறைக்காது, புண்ணு இல்லாத நாள்லயும் வைரஸ் கொஞ்சம் வெளிய வரும். ஹெர்பிஸ் மாத்திரை தினமும் போட்டாலும் துணைக்கு போகவே போகாதுன்னு நம்பிடாதீங்க. மாசமா இருக்குற தங்கச்சிங்க கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லணும், பிரசவ வலி எடுக்கும்போது புண்ணு இருந்தா குழந்தைக்கு ஆபத்து, சிசேரியன் பண்ணிடுவாங்க. மாமியார் ஏன்னு கேட்டா டாக்டர் சொன்னாருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

பிறை அண்ணன் அப்புறம் வந்தாரு. வாயால சொல்ல வரலன்னு கொப்புளத்த கைப்பேசில படம் எடுத்து வச்சிருந்தாரு, அத டாக்டர்கிட்ட நீட்டுனாரு, அவங்க பாத்துட்டு, இன்னும் ஆறாம இருந்த புண்ணுல பஞ்சுக்குச்சியால ஸ்வாப் டெஸ்ட்டு எடுத்தாங்க, மாத்திரை எழுதுனாங்க. யாரும் எதுவும் கேக்கல. நீங்களும் அப்படி செய்யலாம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரில ஸ்பெஷலிஸ்ட்ட பாக்க நமக்கு செலவு ரொம்ப கம்மி தான். பட்டர்வொர்த்ல தெரிஞ்சவங்க பாத்துடுவாங்கன்னு பயமா இருந்தா ஃபெர்ரி ஏறி தீவுக்கு வாங்க, ஜி.எச். வாசல்ல நான் நிக்கிறேன், முதல்நாளே ஒரு மெசேஜ் மட்டும் போட்டுடுங்க, வேலைக்கு லீவு சொல்லணும்.