டீசல் குடித்த கிளஸ்டர்

2022 மார்ச் கடைசியில் கொழும்பில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை போனது. பம்பலப்பிட்டியில் நான் பார்த்துவந்த கிளஸ்டர், அதாவது ஒன்றாகக் கோத்த கம்ப்யூட்டர்களின் கூட்டம், ஜெனரேட்டரின் தயவில்தான் ஓடியது. டீசலுக்கோ எரிபொருள் ஷெட் வாசலில் கான்களின் வரிசை. ஜெனரேட்டருக்குப் பொறுப்பான அண்ணை ஒருநாள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார்.

"தம்பி, உங்கட மெஷின் சும்மா நிண்டாலும் எண்ணெய் குடிக்குது. வேலை தொடங்கினா ஜெனரேட்டர் ஒருக்கா முக்கும். கீழ எனக்குக் கேட்கும்."

மீட்டர் போட்டுப் பார்த்தேன். அவருடைய காது சரி. வேலையே இல்லாத நோடுகளும் (கிளஸ்டரின் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள்) நன்றாக இழுத்துக்கொண்டிருந்தன. சும்மா நிற்கும் நோடை அணைத்து, வேலை வந்ததும் எழுப்பும் வசதி, நோடுகளுக்கு வேலையைப் பங்கிடும் ஸ்லர்ம் மென்பொருளில் முன்பே இருக்கிறது. நாங்கள்தான் அதைப் போட்டு வைக்கவில்லை.

ஏசி இன்னொரு கூத்து. அறை 18 பாகையில் இருந்தது. உள்ளே போக வாசலில் ஒரு ஸ்வெட்டர் தொங்கும். சர்வருக்குள் போகும் காற்று 27 பாகை வரை இருக்கலாம் என்பது அமெரிக்க ஏசிப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. சர்வர்களை அடுக்கிய ரேக்கில் இருந்த வெற்று இடைவெளிகளைத் தகரத்தால் அடைத்தோம். பின்பக்கத்துச் சூடான காற்று முன்னுக்குச் சுற்றி வருவது நின்றது. அப்புறம் ஏசியின் பாகையைப் படிப்படியாக ஏற்றினோம்.

பெரிய சண்டை பிராசசர் வேகத்தில்தான். வேகத்தை இறக்கினால் வோல்ட்டேஜும் இறங்கும். மின்செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போவதால் லாபம் இரட்டிப்பு. "அப்ப என்ர ரிசல்ட் எப்ப வரும்?" என்று கிளஸ்டரில் வேலை போடுகிற எல்லோரும் பாய்ந்தார்கள். ஓட்டிக் காட்டினேன். மழையைக் கணிக்கும் எங்கள் புரோகிராம் பாதி நேரம் மெமரியிலிருந்து தரவு வரும் வரை காத்துக் கிடப்பது. காத்திருக்கிறவன் மெதுவாக மூச்சு விட்டால் என்ன? முடியும் நேரம் சொற்பமே கூடியது, மின்சாரம் நன்றாகக் குறைந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் எடின்பரோவின் ஆர்ச்சர்2 சூப்பர் கம்ப்யூட்டரிலும் இயல்பு வேகத்தை 2.0 கிகாஹெர்ட்ஸுக்கு இறக்கினார்கள் என்று படித்தபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அவர்கள் டீசலுக்கு வரிசையில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு மாணவியின் புரோகிராம் மட்டும் எனக்குப் பாடம் எடுத்தது. அடர்ந்த மேட்ரிக்ஸ்களை, அதாவது எண் அட்டவணைகளை, பெருக்கும் வேலை. பிராசசர் ஒரு கணமும் ஓயாது. வேகத்தை இறக்கியதும் அது இழுபட்டது. கூடுதலாக ஓடிய நேரம் முழுக்க மெமரி, விசிறி, ஏசி எல்லாம் தங்கள் பங்கைத் தின்ன, மொத்தச் செலவு கூடியதுதான் மிச்சம். அதற்கு மட்டும் பழைய வேகத்தையே திருப்பிக் கொடுத்தேன்.

அது ஓடும் இரவுகளில் அண்ணை கீழேயிருந்து போன் எடுப்பார்: "இண்டைக்கு அந்தப் பிள்ளையின்ர வேலையோ, தம்பி?"