கார்ரே போரும் ஐந்து ஒட்டகங்களும்

கி.மு. 53இல் ரோமத் தளபதி கிராசஸ் பழங்கால ஈரானியப் பேரரசினரான பார்த்தியரிடம் தோற்ற கார்ரே போரை, சிறு உருவங்களை நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டாக, மூன்று மாதமாக எங்கள் ஹட்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வருகிறேன். போன ஞாயிறு அக்கா மகனோடு இரண்டு ஆட்டம் ஆடினேன்.

ஓர் உருவத்துக்கு 200 பேர். பார்த்தியத் தளபதி சுரேனாவின் 9,000 வில் குதிரையருக்கு 45, கவசக் குதிரையர் 1,000 பேருக்கு 5. ரோமருக்குப் பக்கத்துக்குப் பன்னிரண்டாக 48 அட்டைகள், நாற்சதுரமாக. தரைக்குச் சாயம் வடித்த தேயிலைச் சக்கையை அடுப்பின் மேல் உலர்த்தி, மரத்தூளோடு கலந்து ஒட்டினேன். வறண்ட மெசபொத்தேமிய வெளிக்கு அந்தப் பழுப்பு அருமையாகப் பொருந்துகிறது. வார்னிஷ்தான் படுத்தியது. பனிமூட்ட நாளில் அடித்ததால் உருவங்கள் வெளுத்துவிட்டன. மேலே பளபளப்பு வார்னிஷ் பூசியதும் நிறம் மீண்டது. மூடியிருந்த போர்வையைச் சுரேனாவின் வீரர்கள் உதறியதும் கவசங்கள் தகதகத்தன என்று பழங்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டாக் எழுதுகிறார். ஆகவே அந்தப் பளபளப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

வில் குதிரையர் ஆறு சுற்று எய்யலாம், பிறகு அம்பு தீரும் என்று விதி வைத்திருந்தேன். மருமகன் கேடயங்களை நெருக்கி அசையாமல் நின்றான். ஏழாம் சுற்றில் என் படை வெறுங்கையோடு நின்றது.

“மாமா, கிராசஸும் இப்படித்தானே காத்திருந்திருப்பார்?”

அப்படித்தான் காத்திருந்தார். அம்பு தீரும் என்று நம்பியிருந்த ரோமரின் கண்ணில் அம்புச் சுமையோடு நின்ற ஒட்டகங்கள் பட்டன. நான் விட்டது அந்த ஒட்டகங்களை. அவை இல்லாமல் இது கார்ரே ஆகாது.

அட்டையில் ஐந்து ஒட்டகம் வெட்டினேன். அருகில் ஒரு சுற்று நின்றால் அம்பறாத்தூணி நிரம்பும். இரண்டாம் ஆட்டத்தில் எட்டாம் சுற்றுவரை பொறுத்தவன், தானாகவே கிராசஸின் மகன் பப்லியஸை வெளியே அனுப்பினான். நான் கட்டாயப்படுத்தவில்லை, ஒட்டகங்கள் கட்டாயப்படுத்தின. 1,300 குதிரைகளுக்கு ஏழு உருவம். என் வில் குதிரையர் எய்தபடியே பின்வாங்க, கவசக் குதிரையர் எதிரே காத்திருந்தனர். பப்லியஸின் கால் நாட்டு (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) குதிரை வீரர்கள் பார்த்திய ஈட்டிகளைக் கையால் பற்றி இழுத்தார்கள், குதிரைகளின் வயிற்றடியில் புகுந்து குத்தினார்கள் என்பதால் அவர்களுக்குப் பகடையில் ஒன்று கூட்டிக் கொடுத்தேன். என் ஐந்தில் இரண்டைச் சாய்த்துவிட்டே ஏழும் விழுந்தன.

ஒரு குறை மிச்சம். பின்வாங்கும் குதிரைகள் மேசை விளிம்பில் முட்டி நின்றன; பப்லியஸிடம் அவை அத்தனை எளிதில் அகப்பட்டிருக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு பழைய கதவுப் பலகை ஒன்றை மேசையோடு சேர்த்துப் போடப்போகிறேன்.