ஓரமாகப் போகும் சைக்கிள்

பேருந்து ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதற்கு முன் நானும் ஓட்டியவன்தான். சைக்கிள் பற்றிய வகுப்பு வந்தாலே, "அவங்க ஓரமா போனா ஒரு பிரச்சினையும் இல்லை சார்" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எனக்கோ நேர் எதிரான கருத்து. கண்ணுக்கு எதிரே, லேனின் நடுவில் மிதித்துப் போகிற சைக்கிள்காரரைப் பார்த்து எரிச்சல் வந்திருக்கிறது, பயம் வந்ததில்லை. பயமெல்லாம் ஓரத்தை ஒட்டிப் போகிறவரைப் பார்த்துத்தான்.

சாலை ஓரத்தில் என்னென்ன கிடக்கிறது என்று உயரமான இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மணல் ஒதுங்கிக் கிடக்கும். தார் விளிம்பு உடைந்திருக்கும். வடிகால் மூடியின் கம்பிகள் சாலைக்கு இணையாக இருந்தால் சைக்கிள் டயர் அதற்குள் இறங்கிவிடும். நிறுத்தியிருக்கும் காரின் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் ஒதுக்கத்தான் அவர் சற்று உள்ளே வருகிறார். நாமோ, "திடீர்னு குறுக்கே வந்துட்டான்" என்கிறோம். அவர் பள்ளத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டார். நம் கண்ணில் அது படவில்லை, அவ்வளவுதான்.

பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பை 2022 ஜனவரியில் திருத்தினார்கள். ஆளரவம் குறைந்த சாலையிலும், மெதுவாக நகரும் நெரிசலிலும், சந்திப்பை நெருங்கும்போதும் சைக்கிள்காரர் லேனின் நடுவில் போவது நல்லது என்று அதில் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். ஓரமாகப் போகிற சைக்கிளைப் பார்த்ததும் ஓட்டுநருக்கு 'இடுக்கில் போய்விடலாம்' என்று தோன்றுகிறது. நடுவில் போகிற சைக்கிளுக்குப் பின்னால் அந்த ஆசையே வராது. பின்னாலேயே போக வேண்டும், இல்லையென்றால் முழுதாக அடுத்த லேனுக்கு மாறி ஓவர்டேக் செய்ய வேண்டும். இரண்டுமே பாதுகாப்பானவை.

அடுத்து ஹாரன். இதைப் பேச்சில் புரியவைக்க முடியாது, மைதானத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன். ஓட்டுநர்களில் ஒருவரைச் சைக்கிளில் ஏற்றி, தரையில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலேயே போகச் சொல்வேன். மெதுவாகப் போகும்போது கோட்டின் இருபுறமும் ஆடி ஆடித்தான் போவார். சைக்கிள் கீழே விழாமல் இருப்பதே ஹேண்டில்பார் ஓயாமல் இப்படியும் அப்படியும் சிறிது திரும்பிக்கொண்டிருப்பதால்தான். வேகம் குறையக் குறைய ஆட்டம் கூடும். மேட்டில் ஏறும்போதும் சிக்னலில் கிளம்பும்போதும் இன்னும் அதிகம். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவர் திரும்பிப் பார்ப்பார். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ தோளும் கையும் அந்தப் பக்கமே இழுக்கும், சைக்கிள் கோட்டை விட்டு விலகி வரும். சாலையில் அந்தப் பக்கம் நம் வண்டி இருக்கும். ஆக, விலகிப் போகச் சொல்லி அடித்த ஹாரன் அவரை நம் சக்கரத்தை நோக்கி இழுத்துக்கொண்டு வருகிறது. ஒருமுறை ஒரு மூத்த ஓட்டுநர் சைக்கிளை விட்டு இறங்கியதும், "இத்தனை வருஷமா எதுக்கு சார் அடிச்சுட்டு இருந்தேன்?" என்று கேட்டார். அன்றைக்கு நான் வேறு பாடம் நடத்தவில்லை.

இடைவெளிக்கும் அதே மைதானம்தான். ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளை முந்தும்போது நகருக்குள் 1.5 மீட்டர், நகருக்கு வெளியே 2 மீட்டர் விடவேண்டும் என்பது சட்டம். பிரான்சில் நகருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5. எண்ணைச் சொன்னால் எல்லோரும், "நாங்க அதுக்கு மேலயே விடுறோம்" என்பார்கள். சைக்கிள் கேரியரில் ஒன்றரை மீட்டர் கழியைக் குறுக்கே கட்டி, நுனியில் சிவப்புத் துணி முடிந்து நிறுத்துவேன். பேருந்தில் மெதுவாகக் கடந்து வரச் சொன்னால் துணி பேருந்தின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். காரணம், ஓட்டுநர் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார், சைக்கிள் மறுபக்கம், கிளீனர் சைடில் இருக்கிறது. அங்கே ஒரு மீட்டர் என்பது கண்ணுக்கு இரண்டாகத் தெரியும். வேகமாகக் கடந்தால் காற்று வேறு. பெரிய வண்டியின் முகப்பு சைக்கிளை முதலில் வெளியே தள்ளும், அப்புறம் உள்ளே இழுக்கும்.

திருப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீளமான வண்டி வளையும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்வாங்கி வரும். சிக்னலில் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் நழுவி வந்து நிற்கிற சைக்கிள்காரருக்கு, முன்பாதி தன்னைக் கடந்துவிட்டதும் ஆபத்து முடிந்ததாகத் தோன்றும். அப்போதுதான் இடம் சுருங்கத் தொடங்குகிறது. மூலைக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே மாட்டினால் தப்புவது கடினம். லண்டனில் கனரக லாரிகளுக்கு, ஓட்டுநர் கண்ணாடியின் உதவியில்லாமல் நேரடியாக எவ்வளவு பார்க்க முடிகிறது என்று நட்சத்திர மதிப்பெண் போட்டு, 2021 முதல் அதைக் கட்டாயமாக்கியது சும்மா இல்லை. சைக்கிளில் வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே நில்லுங்கள்.

சைக்கிள்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. விளக்கில்லாமல் இருட்டில் எதிர்த்திசையில் வருகிறவரிடம் எனக்குப் பொறுமை கிடையாது. நம் திசையில் போகிறவருக்கு ஒரு பின்விளக்கு இருந்தாலே நமக்குத் தெரிந்துவிடும், பெடலில் பிரதிபலிப்பான் இருந்தால் இன்னும் நல்லது. அது மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்ததுமே, முன்னால் போவது சைக்கிள் மிதிக்கிற ஆள் என்று பிடிபட்டுவிடும்.

கடைசியில் பேச்சு நேரத்தில் வந்து நிற்கும். "சைக்கிளுக்குப் பின்னாலேயே போனா டைம் யார் சார் கொடுப்பா?" கணக்குப் போட்டுக் காட்டுவேன். 200 மீட்டருக்கு 40 கிலோமீட்டர் வேகத்துக்குப் பதில் 20-ல் போனால் இழப்பது 18 விநாடி. பெரும்பாலும் அடுத்த சிக்னலில் அது கரைந்துவிடும். கணக்கை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் நாள் முழுக்க அப்படிப் போனால் கடைசி நடை தாமதமாகும், விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியவர் ஓட்டுநர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால், சைக்கிள் அதிகமாகப் போகும் தடங்களில் ஓட்ட நேரத்தைக் கூட்டச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதினேன். ஒரே ஒரு தடத்தில் கூட்டிக் கொடுத்தார்கள். மற்றத் தடங்களுக்கான கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.